பூண்டுப் பயிருக்கு இலைவழி நுண்சத்து

துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ், போரான் முதலிய நுண்சத்துக்கள் பயிருக்குச் சொற்ப அளவிலேயே தேவைப்பட்டாலும், அவை குறைந்தால் வளர்ச்சி குன்றிவிடும். அவற்றை நீரில் கரைத்து இலையின்மேல் தெளித்து ஊட்டுவதே இலைவழித் தெளிப்பு. சுண்ணாம்பு மண்ணில் வெளுத்துப்போன இலைகள் இரும்பு உப்பின் கரைசலால் மீண்டும் பசுமையடைவதைப் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி எய்சேப் கிரி 1840களிலேயே காட்டினார்; துத்தநாகமும் போரானும் தாவரத்துக்கு அத்தியாவசியமானவை என்பதோ 1920களில்தான் நிரூபணமாயிற்று.

பூண்டின் வேர்கள் அதிகம் கிளைவிடாமல் மேல்மண்ணிலேயே தங்கிவிடுபவை. மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் மாவட்டங்களில் உள்ளதுபோன்ற காரத்தன்மை வாய்ந்த கரிசலில் துத்தநாகமும் இரும்பும் கரையாத உருவில் முடங்கிவிடுவதால், மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாத அச்சத்துக்களை இலைவழியே அளிப்பது யுக்தமான ஏற்பாடு. கொடைக்கானல், நீலகிரி மலைகளின் அமில மண்ணிலோ நிலைமை வேறு; அங்கே பெருமழை போரானைக் கரைத்துக்கொண்டு போய்விடும். இரு பிரதேசங்களுக்கும் ஒரே கலவைப் பொட்டலத்தைச் சிபாரிசு செய்வது வியாபாரத்துக்குச் சௌகரியமேயன்றி விவசாயத்துக்கு அன்று. மண் பரிசோதனையில் குறைவு தெரிந்த சத்துக்கே தெளிப்பு பலன் தரும்.

துத்தநாக சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, அதன் புளிப்பு இலையைக் கருக்காதிருக்க அதில் பாதியளவு நீற்றிய சுண்ணாம்பின் தெளிவைச் சேர்ப்பது வழக்கம். இரும்புக்கு அன்னபேதி உப்பு அதே விகிதத்தில், சிறிது சிட்ரிக் அமிலத்துடன். போரானுக்கு வெங்காரமோ போரிக் அமிலமோ லிட்டருக்கு 1 முதல் 2 கிராம்வரை போதும். இதில் கைதாராளம் கூடாது, ஏனெனில் போரானின் பற்றாக்குறைக்கும் நஞ்சாகும் நிலைக்கும் இடைவெளி மிகக் குறுகியது. பூண்டிலை ஒடுங்கி நிமிர்ந்து, மெழுகு பூசியதாயிருப்பதால், ஒட்டுத் திரவம் சேர்க்காத கரைசல் முத்துமுத்தாக உருண்டு தரையில் விழுந்துவிடும். காலையிலோ மாலையிலோ தெளித்தால் கரைசல் விரைவில் உலராது இலைக்குள் இறங்க அவகாசமுண்டு. நட்ட ஒரு மாதத்துக்குப் பின் தொடங்கி, குமிழ் திரளும் பருவம்வரை இரண்டு மூன்று தடவை தெளிப்பது தகும். இலை பழுத்துச் சாயத் தொடங்கியபின் தெளிப்பது வீண்.

குறைபாடு நீங்கிய பயிரில் இலைப்பரப்பு விரிந்து, அங்கே உண்டாகும் சர்க்கரை குமிழுக்கு இறங்குவதால் பற்கள் பருக்கின்றன. பல்லிலுள்ள துத்தநாகத்தின் அளவும் உயரக்கூடும். ஆயினும் பூண்டின் காரமும் மணமும் கந்தகத்தைச் சார்ந்தவை. பல்லை நசுக்கும்போது அல்லியின் என்னும் கந்தகப் பொருள் ஒரு நொதியின் செயலால் அல்லிசினாக மாறுகிறது. அதற்கு வேண்டிய கந்தகத்தைப் பயிர் பிரதானமாக வேர்வழியாகவே பெறுகிறது. துத்தநாக சல்பேட்டில் கந்தகம் இருந்தாலும் தெளிப்பில் சேரும் அளவு அற்பம். ஆகவே கந்தகம் குறைந்த நிலத்தில் அம்மோனியம் சல்பேட்டையோ ஜிப்சத்தையோ மண்ணில் இடுவதற்கு எந்த நுண்சத்துத் தெளிப்பும் ஈடாகாது.