அப்பர் மூழ்கிய பொய்கை

ஜூரோங் ஆற்றை அணையிட்டு மறித்ததால் உருவானது ஜூரோங் ஏரி. மனிதர் வெட்டியோ தேக்கியோ ஆக்காத நீர்நிலையைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் உண்டு. அது பொய்கை என்பது நச்சினார்க்கினியர் உரையால் விளங்கும். மானசரோவரம் பற்றிப் பேசப் புகும் நாம், இச்சொல்லைக் கையில் கொண்டு தொடங்குவோம்.

திபெத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் உள்ள நன்னீர்ப் பொய்கை அது. 400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அதன் பரப்பு, சிங்கப்பூரின் நிலப்பரப்பில் பாதியை விஞ்சும். மேற்கே அடுத்துள்ள இராக்கதத் தாலின் நீரோ உவர்நீர். பிரமனின் மனத்தில் தோன்றியதால் மானசம் என்பது புராண வழக்கு. அதன் நீரில் மூழ்குவதும், கரையை வலம்வருவதும், ஒரு செம்பு நீரை ஊருக்குக் கொணர்வதும் இந்து யாத்திரிகர் பெரும்பேறாகக் கருதுபவை. பௌத்தர், சமணர், பொன் சமயத்தார் ஆகியோருக்கும் அப்பகுதி புனிதமானது. காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948இல் அங்குக் கரைக்கப்பட்டது.

தமிழ் யாத்திரிகர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. திருநாவுக்கரசர் மானசரோவரத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்று கரையில் நின்று நெகிழ்ந்து கூறுவார்கள். அந்த நெகிழ்ச்சியை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் நூல் என்ன சொல்கிறது?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின்படி, காசியைக் கடந்த அப்பர் கால் தேய நடந்தார், பின்னர்க் கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், இறுதியில் உருண்டார். அவர் கயிலையை அடையவில்லை. முனிவர் வடிவில் எதிர்வந்த இறைவன், நீர்த்தடம் ஒன்றையும் உடன்கொண்டே வருகிறான்! சேக்கிழார் அதற்குத் தடம், பொய்கை என்னும் சொற்களை ஆள்கிறாரேயன்றி, மானசம் என்று பெயரிடவில்லை. அப்பரைக் கயிலைக்குச் செல்லவிடாமல் தடுத்ததற்கும் அவர் ஒரு காரணம் கூறுகிறார்: மண்ணுலகில் இன்னும் தீந்தமிழ்ப் பதிகங்கள் பாடப்பெற வேண்டும். யாத்திரிகன் பொய்கையைத் தேடிச் செல்வதே உலக வழக்கு. இங்கோ பொய்கை யாத்திரிகனைத் தேடி வந்தது. இதனை மானசரோவரம் என்று பெயரிட்டு வரைபடத்தில் பொருத்தினால், சேக்கிழாரின் நுட்பம் நழுவிவிடுகிறது என்பது நம் கருத்து.

ஐந்து நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்று, அப்பரின் சொந்த வாக்கையும் பார்க்க வேண்டும். திருவையாற்றில் அவர் பாடிய பதிகம் நான்காம் திருமுறையில் மூன்றாவதாக உள்ளது. பொய்கையில் மூழ்கிய செய்தி அதில் இல்லை. பூவும் நீரும் சுமந்து செல்லும் அடியார்க்குப் பின்னே தாமும் புகுவதாகவும், சுவடு எதுவும் படாமல் ஐயாற்றை அடைந்ததாகவும் அவர் பாடுகிறார். சுவடு என்பது காலடித் தடம். வந்த வழியின் அடையாளம். வழியில்லாமல் வந்தவர் எவ்வாறு வந்தார் என்ற வினாவுக்கு விடையாகவே பொய்கைக் கதை வளர்ந்திருக்கலாம். மாணவர்கள் ஒரு சொல்லை ஊன்றிப் படிப்பதன் பயன் இது. அப்பதிகத்தில் அவர் கண்டவையும் எளியவையே: பிடியோடு வரும் களிறு, பெடையோடு வரும் பறவைகள். கயிலைக் காட்சி காவிரிக்கரையில் கிடைத்துவிட்டது.

சேக்கிழாருக்கு முன்பே சோழ அரசியர் அவ்வூரில் கற்றளிகள் எடுப்பித்தனர். இன்று வடகயிலாயம் எனப்படுவது முதலாம் இராசராசனின் தேவி உலோகமாதேவி எடுப்பித்தது. தென்கயிலாயம் முதலாம் இராசேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவி எடுப்பித்தது. ஆடி அமாவாசையன்று அங்கு அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறுகிறது.

மானசரோவரத்திற்கான வழி எப்போதும் திறந்திருந்ததில்லை. 1962ஆம் ஆண்டுப் போரை ஒட்டி அடைபட்ட இந்திய வழி 1981இல் திறந்தது. 2020இல் மீண்டும் நின்று, 2025இல் தொடர்ந்தது. இந்திய அரசு நடத்தும் யாத்திரை இந்தியக் குடிமக்களுக்கே உரியதாதலால், சிங்கப்பூரர் பெரும்பாலும் காத்மாண்டு வழியே செல்கின்றனர். வழி அடைபட்டிருந்த ஆண்டுகளிலும் ஆடி அமாவாசை வந்தது.