அடிமைக் கப்பல்களும் கலப்பு நீதிமன்றுகளும்

1816ஆம் ஆண்டிலே ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கப்பால் ‘லே லூயி’ என்னும் பிரெஞ்சுக் கப்பலைப் பிரித்தானியக் கடற்படையினர் பிடித்தனர். அடிமைகளை ஏற்றச் சென்ற கப்பல் அது என்பது குற்றச்சாட்டு. சியரா லியோனிலிருந்த பிரித்தானிய நீதிமன்று அதனைப் பறிமுதல் செய்தது. ஆயின் மேன்முறையீட்டிலே, 1817இல், சேர் வில்லியம் ஸ்கொற் என்னும் நீதிபதி அத்தீர்ப்பை மாற்றினார். அடிமை வாணிகம் கொடியதே. எனினும் சமாதான காலத்தில் அந்நிய நாட்டுக் கப்பலை நடுக்கடலில் மறித்துச் சோதிக்கும் உரிமை, அந்நாட்டின் சம்மதமின்றி எவர்க்குமில்லை என்பது அவர் கண்ட முடிபு.

அறம் ஒருபுறம், சட்டம் ஒருபுறமாக நின்ற நிலை அது. பிரித்தானியா தன் மக்களுக்கு அவ்வாணிகத்தை 1807இலேயே தடுத்திருந்தது. 1815இல் வியன்னாவிற் கூடிய வல்லரசுகளும் அதனைக் கண்டித்துப் பிரகடனஞ் செய்தன. ஆயினும் பிரகடனம் ஒரு கப்பலையேனும் நிறுத்தவில்லை. நாடுகள் தாமே கையொப்பமிட்டு ஏற்கும் உடன்படிக்கையும், அதனைச் செயற்படுத்தும் மன்றமும் வேண்டியிருந்தன.

அவை 1817இல் உருப்பெறத் தொடங்கின. அவ்வாண்டு போர்த்துக்கலும் ஸ்பானியாவும், மறு ஆண்டு ஒல்லாந்தும், பிரித்தானியாவுடன் உடன்படிக்கை செய்தன. ஸ்பானியாவுக்கு 4,00,000 பவுண் கொடுக்கவும் பிரித்தானியா இசைந்தது. ஒரு நாட்டின் போர்க்கப்பல் மற்றை நாட்டின் வாணிகக் கப்பலைச் சோதிக்கலாம். பிடிபட்ட கப்பலை இரு நாட்டு நீதிபதிகளும் ஒருங்கிருந்து விசாரிப்பர். 1819 முதல் பிரீடவுண், ஹவானா, றியோ டி ஜெனீரோ, பரமரிபோ ஆகிய துறைமுகங்களில் இத்தகைய கலப்பு நீதிமன்றுகள் அமைந்தன.

இவற்றின் நடைமுறை எளிது. இரு நீதிபதிகளும் மாறுபட்டால், நடுவர் ஒருவரைத் திருவுளச்சீட்டினால் தெரிந்து அவர் கருத்தை முடிவாகக் கொள்வர். அம்முடிவுக்கு மேன்முறையீடு இல்லை. கப்பல் குற்றமுடையதெனக் கண்டால் அதனை விற்றுப் பணத்தை இரு அரசுகளும் பங்கிடும். அதிலிருந்த அடிமைகள் விடுதலைப் பத்திரம் பெறுவர். தவறாகப் பிடித்திருந்தால், பிடித்த நாடே நட்டஈடு கொடுக்கவேண்டும்.

1822இல் போர்த்துக்கேயக் கப்பலொன்றிலிருந்து மீட்கப்பட்டுப் பிரீடவுணில் இறக்கப்பட்டோருள் யொரூபா இனத்துச் சிறுவனொருவன் இருந்தான். சாமுவேல் அஜாயி குறவுதர் எனப் பெயர் பெற்ற அவனே, 1864இல் அங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆபிரிக்க அத்தியட்சரானான். இவ்வாறு ஏறக்குறைய 80,000 பேர் இம்மன்றுகளால் விடுதலை பெற்றனர்.

ஆயினும் நீதிமன்றின் கை, உடன்படிக்கையின் சொல் நீண்ட அளவே நீண்டது. ஆரம்ப உடன்படிக்கைகளின்படி, கப்பலில் அடிமைகள் இருந்தாலன்றி அதனைப் பறிமுதல் செய்ய இயலாது. ஆகவே மாலுமிகள் கரையோரத்தில் வெறுங்கப்பலுடன் காத்திருந்தனர். துரத்தப்பட்டபோது சான்றை மறைக்கும் பொருட்டு மனிதரையே நீரில் எறிந்த கொடுமையும் நிகழ்ந்தது. இந்த ஓட்டையை அடைத்தது ஒரு புதிய விதி. ஒல்லாந்து அதனை முன்னரே ஏற்றிருந்தது; ஸ்பானியா 1835இல் ஏற்றது. விலங்குகள், இரண்டாந் தட்டு அமைப்பதற்கான பலகைகள், அளவுக்கு மிஞ்சிய தண்ணீர்ப் பீப்பாக்கள், மாலுமிகளின் தேவைக்கு மேற்பட்ட பெரிய சமையற் கொப்பரை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் போதும்; தக்க காரணங் காட்டாவிடில் கப்பல் பறிபோகும். ஒரு கொப்பரை சாட்சியாயிற்று.

வேறு குறைகளுமிருந்தன. மன்றுகள் கப்பலையே விசாரித்தன. கப்பற்றலைவனைத் தண்டிக்கும் அதிகாரம் அவற்றுக்கில்லை. ஹவானாவில் விடுதலை பெற்றோர் பிறரிடம் வேலைக்கு ஒப்படைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் அடிமைகள் போலவே உழைத்தனர். நீதி பேசிய பிரித்தானியாவின் குடியேற்ற நாடுகளிலும் 1834 வரை அடிமைமுறை நிலைத்தது. 1862இலேயே ஐக்கிய அமெரிக்கா இத்தகைய உடன்படிக்கைக்கு இசைந்தது. மன்றுகள் இயங்கிய காலத்தில், அவற்றின் கைக்கெட்டாது கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டோர் 20 இலட்சத்துக்கும் மேலாவர். அவ்வாணிகம் முற்றாக ஒழிவதற்குப் பிறேசிலிலும் கியூபாவிலும் அரசுகளின் மனமும் மாறவேண்டியிருந்தது.

எனினும் அம்மன்றுகள் நாட்டிய நெறி அழியவில்லை. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் அடிமைமுறையை நான்காம் உறுப்புரையில் விலக்கிற்று. பிரகடனத்தைத் தொடர்ந்து உடன்படிக்கைகளும், அவற்றின்வழி நீதிமன்றுகளும் தோன்றின. 2008இல் மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றிலே, சிறுமியாயிருக்கையில் விற்கப்பட்ட நைகர் நாட்டுப் பெண்ணொருத்தி தன் அரசையே எதிர்த்து வழக்காடினாள். அவளை அடிமைத்தனத்திலிருந்து காக்கத் தவறியமைக்காக அரசு நட்டஈடு கொடுக்கவேண்டுமென்று மன்று தீர்ப்பளித்தது. பிரீடவுண் மன்றில் மீட்கப்பட்டோருக்காகக் கப்பல்மீது வழக்காடியவர் பிறர். இப்பெண்ணோ தானே வழக்காளியாய் நின்றாள். இரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் மனித உரிமைச் சட்டம் நடந்து கடந்த தூரம் அதுவேயாகும்.