பசங்களுக்கு விளையாட்டு, பொண்ணுங்களுக்குப் பூட்டு

தில்லிக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இந்த ஊரில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிய தமிழர்களுக்கெல்லாம் தானாகவே கிடைக்கிற பட்டம் ஒன்று உண்டு. லோக்கல் கார்டியன்! ஊரிலிருந்து சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை யார் இங்கே படிக்க வந்தாலும் விடுதிப் படிவத்தில் என் கையெழுத்துதான். சம்பளம் கிடையாது. தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு வரும்.

இப்போது அக்கா பெண்ணின் முறை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், பெண்கள் விடுதியில் இருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பேப்பரோடு வந்து நின்றாள். கல்லூரி விழா. விடுதிக்கு இரவு தாமதமாகத் திரும்ப கார்டியன் கையெழுத்து வேண்டுமாம்.

அன்று மத்தியானமே அக்காவிடமிருந்து போன். "கையெழுத்துப் போட்டுடாதடா. அந்த ஊர்ப் பசங்க காலேஜ் சுவத்துல ஏறிக் குதிக்கிறத நான் டிவில பார்த்திருக்கேன்."

பேப்பர் மூன்று நாள் என் மேசையிலேயே கிடந்தது. ஆபீஸ் நண்பரிடம் சொன்னேன். தில்லிக்காரர், இங்கேயே படித்தவர். "அரே, காலேஜ் பசங்க மஸ்தி பண்ணுவாங்க, அதுக்கெல்லாம் பயந்தா எப்படி?" என்று சிரித்தார்.

மஸ்தி. நம் ஊரில் இதையே 'வயசுப் பசங்க அப்படித்தான்' என்போம். சரி, இந்த ஊரில் இந்த மஸ்திக்கு என்ன வரலாறு என்று பார்க்க ஆரம்பித்தேன்.

செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியை எல்லோருக்கும் தெரியும். 1881ல் தொடங்கியது. நடுவில் பல வருஷம் ஆண்கள் மட்டும் படித்துவிட்டு 1975ல் மறுபடியும் பெண்களைச் சேர்த்தார்கள். அங்கே 'சிக் சார்ட்' என்று ஒரு பழக்கம் இருந்தது. கூடப் படிக்கும் பெண்களின் தோற்றத்துக்கு மார்க் போட்டு, வரிசைப்படுத்தி, எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடுவது. எண்பதுகளில் மாணவிகள் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். நாட்டிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பெயரெடுத்தவர்கள் செய்த வேலை இது. அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்கு அது நகைச்சுவை. பட்டியலில் முதல் இடம் வந்தவளும் கடைசி இடம் வந்தவளும் மறுநாள் அதே வகுப்புக்குள் நடந்து வர வேண்டும். சிரிப்பு ஒரு நாள், நடை மூன்று வருஷம்.

ஹிந்து கல்லூரியில் ஒரு மரம் இருக்கிறது. பிப்ரவரி 14 அன்று, விடுதிப் பசங்க தேர்ந்தெடுத்த ஒரு நடிகையின் படத்தை அதில் மாட்டி, பூஜை செய்து, ஆரத்தி பாடுவது பல வருஷப் பழக்கம். 'யாருக்கு என்ன கெடுதல்? வெறும் ஜாலி' என்பது ஒரு கட்சி. 'பெண் என்றால் பூஜைக்கு வைக்கிற உடம்பு மட்டும்தானா?' என்பது இன்னொரு கட்சி. 2018ல் இதை எதிர்த்து வெளிப்படையாகவே போராட்டம் நடந்தது. இதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் எனக்கே பெரிய தப்பாகத் தோன்றவில்லை. ஆனால் தனியாக எடுத்துப் பார்க்கலாமா என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் அடுத்து நான் படித்தது பூட்டுகளின் வரலாறு.

2015 ஆகஸ்டில் ஜாமியா மிலியா பெண்கள் விடுதியில், இரவு கொஞ்சம் தாமதமாகத் திரும்ப இருந்த அனுமதியை ரத்து செய்தார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது 'கூண்டை உடை' என்ற மாணவிகள் இயக்கம். அவர்கள் கேட்டது எளிமையான கேள்வி. ராத்திரி லைப்ரரியில் ஆண் பிள்ளை உட்கார்ந்து படிக்கலாம், நாங்கள் மட்டும் ஏன் ஓடி வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும்?

2017 மார்ச்சில் நடந்தது இன்னும் விசேஷம். ஹோலி சமயத்தில் வடக்கு வளாகத் தெருக்களில் பசங்க தண்ணீர் பலூன் எறிவதும் சாக்கு வைத்துத் தொடுவதும் ஊரறிந்த விஷயம். அதற்கு அங்கே கண்ட தீர்வு என்ன தெரியுமா? பெண்கள் விடுதிகளைப் பூட்டியது! ஒரு விடுதியில் முந்தைய நாள் இரவிலிருந்து ஹோலி அன்று மாலை வரை யாரும் உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. பலூன் எறிகிறவன் தெருவில், எறிபடுகிறவள் பூட்டுக்குள். புரா ந மானோ, ஹோலி ஹை. தப்பா எடுத்துக்காதே, இது ஹோலி!

பிறகு நடந்தவை அக்கா டிவியில் பார்த்த ரகம். 2020 பிப்ரவரி 6, கார்கி கல்லூரி விழா. வெளி ஆண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்து மாணவிகளிடம் மிக மோசமாக நடந்துகொண்டார்கள். மாணவிகள் வெளியே எழுதிப் போராடிய பிறகுதான் கைதுகள் நடந்தன. 2022 அக்டோபரில் மிராண்டா ஹவுஸ் தீபாவளி மேளாவில் பசங்க சுவரேறிக் குதித்தார்கள். இந்தக் கல்லூரியே எங்களுக்குச் சொந்தம் என்கிற அர்த்தத்தில் கோஷம் வேறு. 2023 மார்ச்சில் இந்திரப்பிரஸ்தா கல்லூரி. 1924ல் தொடங்கிய, தில்லியின் முதல் பெண்கள் கல்லூரி. அங்கேயும் அதே சுவர், அதே குதியல்.

அதற்குப் பிறகு விழா நடத்தப் பல்கலைக்கழகம் விதிமுறை கொண்டுவந்தது. முன்பதிவு, போலீஸ் அனுமதி, சுவர் தாழ்வாக இருந்தால் மேலே முள்கம்பிச் சுருள். யோசித்துப் பாருங்கள். குதித்தவன் வீட்டுக்குப் போய்விட்டான். முள்கம்பி பெண்கள் கல்லூரியின் சுவரில்.

ஸ்டீபன்ஸ் பட்டியலும் மிராண்டா சுவரும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. மார்க் போட்டவன் எல்லாம் சுவரேறினான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கணக்குதான் வருகிறது. ஜாலி ஒருத்தருக்கு, பில் இன்னொருத்தருக்கு. அந்த பில் காசாக வருவதில்லை. கேட் மூடும் நேரமாக வருகிறது, போகாத லைப்ரரியாக வருகிறது.

தில்லியைத் திட்டிவிட்டு நம் ஊரை மறந்தால் நியாயமில்லை. 1998 ஜூலையில் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். அந்த வருஷமே தமிழ்நாட்டில் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் வந்தது. உயிர் போன பிறகு வந்த சட்டத்துக்கும் பெயர் 'டீசிங்', கேலி! 2002ல்தான் சட்டத்தின் பெயரில் கேலி போய்த் துன்புறுத்தல் வந்தது. அந்த ஒரு வார்த்தை மாற நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் படித்தவன் நான். 1993லிருந்து 96 வரை. எங்கள் ஊர் எட்டேகால் பஸ்ஸின் பின் படிக்கட்டு எங்கள் கூட்டத்துக்குச் சொந்தம். பாட்டு, பட்டப்பெயர், டிக்கெட்டுக்குக் காசு பாஸ் பண்ணுகிற சாக்கில் விரலைத் தொடுவது எல்லாம் உண்டு. நான் யாரையும் தொட்டதில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே நல்லவன் சர்ட்டிபிகேட் கொடுத்து வந்தேன். நான் செய்ததெல்லாம் சிரித்ததுதான்.

மூன்றாம் நாள் ராத்திரி அக்காவைக் கூப்பிட்டு, படித்ததையெல்லாம் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, "நம்ம ஊர்ல இவ்வளவு மோசம் இல்லக்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"நான் காலேஜுக்கு எந்த பஸ்ல போனேன்னு ஞாபகம் இருக்காடா?"

"ஆறரை பஸ். லைப்ரரில படிக்கணும்னு போவ."

"லைப்ரரி ஒன்பது மணிக்குத்தான் திறப்பாங்க."

அக்கா என்னைவிட இரண்டு வயது பெரியவள். எட்டேகால் பஸ்ஸில் மூன்று மாதம்தான் போனாளாம். அதற்குப் பிறகு மூன்றாம் வருஷம் முடிகிறவரை ஆறரை பஸ். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்வரை வாசலில் நிற்பாளாம். அப்பாவிடம் சொன்னால் படிப்பையே நிறுத்திவிடுவார் என்று லைப்ரரி கதை. "நான் விட்ட பஸ்லதான்டா நீ ஏறுன. ஃபுட்போர்டுல நிப்பன்னு தெரியும். உன்கிட்ட என்னன்னு சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் படிக்கட்டில் சிரித்த அந்த மூன்று வருஷத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை லைப்ரரிக் கதைகள் இருந்திருக்கும்? தொட்டவன் நாலு பேர் என்றால் சிரித்தவன் நாற்பது பேர். சிரிக்க ஆள் இல்லாவிட்டால் அந்த நாலு பேருக்கு அது விளையாட்டாகவே இருந்திருக்காது. கெடுதலில்லாத ஜாலியா என்று கேட்டால் இன்றைக்கு என் பதில் இதுதான். ஜாலி பண்ணினவனைக் கேட்காதீர்கள், பஸ்ஸை மாற்றினவளைக் கேளுங்கள். அவளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அவள் அந்த பஸ்ஸில் இல்லை.

கல்லூரி வயதில் கும்மாளமே கூடாது என்று சொல்கிற கிழவன் இல்லை நான். விடுதி மொட்டைமாடிப் பாட்டும், ஒருத்தனை ஒருத்தன் ஓட்டுவதும், பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொள்வதும் இல்லாமல் என்ன காலேஜ்? திருப்பி ஓட்ட முடிகிற இடத்தில்தான் அது விளையாட்டு.

"அப்ப என்னக்கா பண்ண? கையெழுத்துப் போடவா, வேண்டாமா?" என்றேன்.

"நான் சொன்னா வேண்டாம்னுதான் சொல்லுவேன். எனக்குப் பயம். நீ யோசிச்சுப் பண்ணு."

யோசித்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் முள்கம்பிக்கு மேலே நானும் ஒரு சுருள். போட்டால் அன்று ராத்திரி எனக்கும் அக்காவுக்கும் தூக்கம் கிடையாது. தூங்காமல் இருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான், அவள் இல்லை.

போட்டுவிட்டேன். விழா அன்று விஷ்வவித்யாலயா மெட்ரோ வாசலில் வந்து நிற்கவா என்று கேட்டேன். "வேண்டாம் மாமா, நாங்க பத்துப் பேர் சேர்ந்துதான் வருவோம்" என்றாள். சரி என்றேன். அக்காவுக்கு நானே போன் செய்து சொன்னேன். திட்டவில்லை.

அன்று ராத்திரி பத்தேமுக்காலுக்கு 'ரீச்டு' என்று ஒரு வார்த்தை வந்தது. அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். அந்த நேரத்திலும் அவள் உடனே பார்த்துவிட்டாள்.