தைச்ச கைக்கு யார் சொல்லிக் கொடுக்கிறது?

பிளஸ் டூ முடிச்ச பசங்க நம்ம முகத்துவாரக்குப்பம், எண்ணூர் பக்கம் கேக்குற கேள்வி இது: "அண்ணே, டாக்டர் சீட்டுக்கு மார்க் பத்தல. பிசியோதெரபி எடுக்கலாமா?" பிசியோன்னா கிரிக்கெட் கிரவுண்டுக்குள்ள பையோட ஓடுறவர்னுதான் பலபேர் நெனப்பு :-) நம்ம ஊர்ல இந்தத் துறைக்கு வேற ஒரு கதை இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி அது தெரிஞ்சிருந்தா நல்லது.

1894-ல லண்டன்ல நாலு நர்சுகள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. மசாஜ் தொழிலுக்கு அப்போ கெட்ட பேரு. முறையா படிச்சு, பரீட்சை எழுதினவங்கதான் செய்யணும்ங்கறது அவங்க கட்சி. அப்புறம் முதல் உலகப்போர்ல காயம்பட்ட சிப்பாய்கள், அதுக்கப்புறம் போலியோன்னு தேவை பெருகிச்சு. இந்தியாவுல முதல் பள்ளி 1950களின் தொடக்கத்துல பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில வந்ததுக்கும் போலியோதான் காரணம்.

தமிழ்நாட்டுக் கதை வேலூர்ல. 1946-ல சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால விரல் மடங்கிப்போன கைகளுக்கு 1948-ல இருந்து ஆபரேஷன் செய்ய ஆரம்பிச்சார். நல்லா இருக்குற ஒரு தசையோட தசைநாரை எடுத்து, செயலிழந்த தசையோட வேலைக்கு மாத்திக் கட்டுறது. அதுவரைக்கும் விரலை மடக்கின தசை இனிமே அதை நிமிர்த்தணும். ஆனா மூளைக்கு அது தெரியாதே! நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, ஹார்ட்வேர் மாத்தியாச்சு, டிரைவர் இன்ஸ்டால் ஆகல. அதை வாரக்கணக்குல உக்காந்து சொல்லிக் கொடுக்கிறவங்கதான் பிசியோதெரபிஸ்ட்.

அதே வேலூர்ல டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல நடந்த கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்துபோச்சு. சக்கர நாற்காலியில உக்காந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணாங்க. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, சி.எம்.சி.யில அந்தத் துறையை நடத்தினாங்க. 1966-ல அங்க மறுவாழ்வு மையம் திறந்தாங்க. "படுத்துட்டா அவ்ளோதான்"னு இருந்த பேச்சை மாத்தினவங்க.

இப்ப நம்ம வடசென்னைக்கு வருவோம். பிரஸ் மெஷின்ல விரல் போறது, பெல்ட்ல கை மாட்டுறது எல்லாம் திருவொற்றியூர் பக்கத்து ஆளுங்களுக்குப் புதுசில்ல. 1970களின் தொடக்கத்துல ஸ்டான்லி ஆஸ்பத்திரியில டாக்டர் ஆர். வெங்கடசாமி கை காயத்துக்குன்னே தனிப் பிரிவு தொடங்கினார். பின்னாடி அது கை அறுவை, மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையமா வளர்ந்துச்சு. பேர்லயே மறுவாழ்வு இருக்கு, கவனிச்சீங்களா?

காரணம் இருக்கு. தைச்ச தசைநாரை அசைக்காம விட்டா சுத்தியிருக்குற சதையோட ஒட்டிக்கும், கை விறைச்சிடும். அவசரப்பட்டு அசைச்சா தையல் அறுந்துடும். எந்த வாரம், எந்த விரலை, எவ்வளவு அசைக்கணும்ங்கறதுதான் அங்க வித்தை. பழைய பலம் வர மூணு மாசம்கூட ஆகும். தினக்கூலிக்காரர் வலி குறைஞ்சதுமே பயிற்சியை விட்டுட்டு வேலைக்கு ஓடினா, டாக்டர் மணிக்கணக்குல செஞ்சது வீண். 2018 பிப்ரவரியில இதே ஸ்டான்லியில, மின்விபத்துல ரெண்டு கையும் போன ஒருத்தருக்கு வேற கைகள் பொருத்தினாங்க. ஆபரேஷன் ஒரே நாள்ல முடிஞ்சுது, பயிற்சி மாசக்கணக்குல போச்சு.

ரொம்ப காலமா இந்தத் தொழிலுக்கு மத்தியில தனி கவுன்சில் கிடையாது. 2021-ல வந்த சட்டம்தான் பிசியோதெரபியையும் சேர்த்து தேசிய ஆணையத்துக்குக் கீழ கொண்டுவந்துச்சு. நாலு வருஷப் படிப்பு, அதுக்கு மேல பயிற்சிக் காலம். உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் உண்டு, ஓபி அடிக்க முடியாது.

அதனால தம்பி, தங்கச்சிகளா, மார்க் பத்தலன்னு எடுக்காதீங்க. பொறுமை இருக்கான்னு பாத்து எடுங்க. ஒரே விரலை நூறு தடவை மடக்கச் சொல்லி, நூத்தியோராவது தடவையும் எரிச்சல்படாம சொல்ல முடியுமா? முடியும்னா வாங்க. கை சரியாகணும்னு காத்திருக்குறவங்க நம்ம தெருவுலயே நிறைய பேர்.