செவிலியர் தொண்டு



திருவண்ணாமலை என்றதும் கார்த்திகைத் தீபமும், மலைவலம் வரும் மக்கள் வெள்ளமும் நம் நினைவிற்கு வருகின்றன. அம்மலைச் சாரலில் நிகழ்ந்த வேறொரு நிகழ்ச்சியைக் கூறி என் பேச்சைத் தொடங்குகின்றேன்.

அது 1914ஆம் ஆண்டு. ரமண மகரிஷி விரூபாட்ச குகையில் வாழ்ந்திருந்த காலம். மகனைக் காண வந்த அன்னை அழகம்மாள் கடுஞ்சுரத்தில் வீழ்ந்தார். வீட்டையும் உறவையும் விட்டு வந்த அத்துறவி, அன்னையின் அருகிருந்து அல்லும் பகலும் பணிவிடை செய்தார். அவர் நலம்பெற அருணாசலனைப் பாடியும் வேண்டினார். அன்னை பிழைத்தெழுந்தார். 1916இல் மகனோடு தங்கிவிடவே வந்தார். 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அவருடைய உயிர் பிரியுங்காறும், ஒரு கையை அவர் நெஞ்சிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்தபடி மகரிஷி அகலாது அமர்ந்திருந்தார். எல்லாவற்றையும் துறந்தவரும் துறக்கவொண்ணாத கடமை ஒன்று உண்டு. அது நோயுற்றாரைப் பேணுதல் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

பெற்ற தாயைப் பேணுதல் மகனுக்கு இயல்பு. முன்பின் அறியாத ஒருவரை, அவர் என்ன சாதி, என்ன சமயம் என்று வினவாமல், தாய்போற் பேணுவது எளிதன்று. அதனையே வாழ்வாகக் கொண்டவரைத்தான் நாம் செவிலியர் என்கின்றோம். சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில், தலைவியை வளர்த்து, அவளுக்காகக் கவலையுறும் வளர்ப்புத் தாயே செவிலி எனப்படுகின்றாள். அப்பெயரை நோயாளரைப் பேணுவோருக்குச் சூட்டியவர்கள் நல்ல தமிழறிவு உடையவர்கள். ஈன்றவள் அல்லள், ஆயினும் தாய். இதனினும் பொருத்தமான பெயர் யாது?

பெயர் உயர்ந்ததாயினும், தொழிலை உயர்ந்ததாக நம் நாடு நெடுங்காலம் கருதவில்லை. பிறருடைய புண்ணைக் கழுவுவதும், அழுக்குத் துணியை அகற்றுவதும் இழிந்த வேலை எனப்பட்டன. மேலை நாட்டிலும் ஒரு காலத்தில் நிலைமை பெரிதும் வேறன்று. 1854இல் கிரிமியப் போர்க்கால மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1860இல் இலண்டனில் பயிற்சிப் பள்ளி ஒன்றை ஏற்படுத்திய பின்னரே இத்தொழில் கல்விக்குரியதாயிற்று. நம் சென்னையில் அரசாங்கப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. எனினும் சிற்றூர்ப் பெண்களுக்கு அதனால் உடனே பயன் விளைந்துவிடவில்லை.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகக் கிழக்கே சென்றால் திண்டிவனம். இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, அமெரிக்காவில் கல்வி கற்ற ஐடா ஸ்கட்டர் என்னும் மங்கை, நோயுற்ற தம் தாயைப் பேணுவதற்காக 1890இல் அவ்வூருக்கு வந்தார். ஓரிரவில் அந்தணர் ஒருவரும், முகமதியர் ஒருவரும், மற்றோர் இந்துவும் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவருடைய மனைவியரும் மகப்பேற்று வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தையார் மருத்துவர். ஆயினும் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தீண்ட மூவரும் இசையவில்லை. ஐடாவோ அப்போது மருத்துவம் அறியாதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

அந்த மூன்று கணவரும் மனைவியர்பால் அன்பற்றவர் அல்லர். அன்பிருந்ததனாலன்றோ நள்ளிரவில் ஓடிவந்தனர்! வழக்கம் அவர்கள் கையைக் கட்டியிருந்தது. அச்செய்தி ஐடாவின் வாழ்வை மாற்றிற்று. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பிவந்தார். வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்றவள் வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவி சலோமி. கற்றவள் அல்லள், பார்த்துப் பார்த்துப் பழகியவள். 1902இல் நாற்பது படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது.

மருத்துவர் ஒருவர் எத்துணைத் திறமுடையவராயினும், இரவு முழுதும் ஒவ்வொரு கட்டிலருகிலும் நிற்றல் இயலாது. இவ்வுண்மையை உணர்ந்தமையால், 1909இல் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியதோ 1918இல்தான். மருத்துவக் கல்விக்கு ஒன்பது ஆண்டு முன்னரே செவிலியர் கல்வி வந்துவிட்டது என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். 1946இல் அது கல்லூரியாக உயர்ந்தது. அவ்வாண்டில் டெல்லியிலும் வேலூரிலுமே இந்நாட்டில் செவிலியர் பட்டப்படிப்பு முதன்முதல் உதயமாயிற்று. ஐடா அம்மையார் அதனையும் கண்டு, 1960இல் மறைந்தார்.

செவிலி பேணுவது நோயாளியை மட்டுமன்று. வெளியே திண்ணையில் உண்ணாமல் உறங்காமல் காத்திருக்கும் தாய்க்கு நிலைமையைப் பொறுமையோடு சொல்லுகின்றாள். நோயாளியை எவ்வாறு புரட்டிப் படுக்கவைப்பது, கையை ஏன் கழுவவேண்டும், நீரை ஏன் காய்ச்சவேண்டும் என்று கற்பிக்கின்றாள். நோயாளி வீடு திரும்பும்போது அக்கல்வியும் உடன் செல்கின்றது. அவ்வகையில் அவளும் ஓர் ஆசிரியையே.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, நன்கு படித்த மாணவி ஒருத்தி செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டு வந்தாள். அவள் தந்தையார், “இவ்வளவு படித்துவிட்டு இந்த வேலைக்கா?” என்று சினந்தார். நானும் அவரோடு வாதாடாமல் வாளாவிருந்துவிட்டேன். அவள் வேறு படிப்புக்குப் போனாள். அன்று பேசவேண்டியதை இன்று உங்களிடம் பேசுகின்றேன்.

மீண்டும் அம்மலைக்கு வருவோம். 1950 ஏப்ரலில் மகரிஷி நோய்ப் படுக்கையில் இருந்தார். தம் உடலைப் பேணிய தொண்டரிடம் அவர் கூறிய நன்றி “சந்தோஷம்” என்னும் ஒரு சொல்லே என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். உங்கள் இல்லத்தில் எவரேனும் நோயுற்று மருத்துவமனையிலிருந்து நலமாக மீளும்போது, இரவெல்லாம் விழித்திருந்த செவிலியிடம் அவ்வொரு சொல்லைச் சொல்ல மறவாதீர்கள். உங்கள் தங்கையோ மகளோ அத்தொண்டினை விரும்பினால், என்னைப்போல் வாளாவிராதீர்கள்.