இவரை எனக்குத் தெரியும்

ஸ்ரீவைகுண்டத்தில் நான் பத்திரம் எழுத உட்கார்ந்து 38 வருஷம் ஆகிறது. எனக்கு முன்னால் அப்பா எழுதினார். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று எந்தப் பத்திரமானாலும் அது கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: எழுதிக்கொடுக்கிறவர் இவர்தானா? சார்பதிவாளர் நிமிர்ந்து பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரிடம் கேட்பார். “இவரை எனக்குத் தெரியும்” என்று சொல்லி அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேற்கொண்டு வேலை நடக்கும். அடையாள சாட்சி என்று அதற்குப் பெயர்.

2023 டிசம்பர் 17 அன்று தாமிரபரணி எங்கள் ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் எங்கள் ஸ்டேஷனைத் தாண்ட முடியாமல் நின்றது. சுமார் 800 பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். என் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பத்திரக் கட்டுகளை மச்சில் ஏற்றுவதிலேயே குறியாக இருந்தேன். மேஜைமேல் இருந்த செல்போன் மேஜையோடு போயிற்று.

போனைப் பற்றிக் கவலை இல்லை. அதில் இருந்த மின்னஞ்சல் கணக்குதான் கவலை. 2011-ல் மகள் உண்டாக்கித் தந்தது. அப்பா தன் கையால் எழுதிய பத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படம் எடுத்து அதில்தான் சேர்த்து வைத்திருந்தேன். என் மனைவியின் கடைசி இரண்டு வருஷத்துப் படங்களும் அதில்தான் இருக்கின்றன.

புதுப் போன் வாங்கி, கடவுச்சொல்லைப் போட்டேன். சரியான கடவுச்சொல். ஆனாலும் திறக்கவில்லை. பழைய நம்பருக்கு ஒரு குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அந்த நம்பரை நான் 2017-லேயே விட்டுவிட்டேன். கைவிட்ட ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் வரைக்கும்தான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்கள்; அதற்கப்புறம் அது வேறு ஒருவர் கைக்குப் போகலாம். அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தார். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். பாதுகாப்புக்காக 72 மணி நேரம் பொறுக்கும்படி திரை சொன்னது. பொறுத்தேன். மறுபடி அதே கேள்விகள். இந்த முறை ஏழு நாள். அதற்கப்புறமும் ஒரு ஏழு நாள். பேரன் சொன்னான்: “தாத்தா, நடுவுல நடுவுல போட்டுப் பாக்காதீங்க. ஒவ்வொரு தடவ போடும்போதும் கெடு புதுசா ஆரம்பிக்குது.” நாற்பத்தோராவது நாள் ஒரு வரி வந்தது. இந்தக் கணக்கு உங்களுடையது என்பதை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை.

அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நான்தான் என்று எப்படிச் சொல்வது? ஊரில் இத்தனை பேருக்கு இந்தக் கேள்வியை முடித்துக் கொடுத்தவன் நான். அந்த ராத்திரியிலிருந்து என் தொழிலின் பழைய கதைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தன.

‘தற்குறி’ என்ற சொல்லை இன்றைக்கு வசவாகத்தான் சொல்கிறோம். எழுதத் தெரியாதவன், அறிவில்லாதவன் என்று அர்த்தம். முதலில் அது வசவே இல்லை. எழுதத் தெரியாத ஒருவர் ஆவணத்தில் தன் கையால் இடுகிற அடையாளத்துக்குத்தான் தற்குறி என்று பெயர். கல்வெட்டுகளின் கடைசியில் ‘இவை இன்னான் எழுத்து’ என்று கையெழுத்துகள் வரிசையாக வரும். எழுத முடிந்தவர் எழுதினார், முடியாதவர் குறி போட்டார், அது யார் குறி என்பதற்குப் பக்கத்தில் இன்னொருவர் பொறுப்பேற்றார். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. கீறலில் ஒன்றும் இல்லை, அதற்குப் பொறுப்பேற்ற மனுஷனிடம்தான் எல்லாம் இருந்தது.

கைநாட்டுக்கு வந்த வழி வேறு. 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குக் கல் தருகிற ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் போட்டார். நாளைக்கு ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று அவர் சொல்லிவிடக் கூடாதே என்று, மிரட்டி வைப்பதற்காக உள்ளங்கை முழுவதிலும் மை தடவிக் காகிதத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். அப்புறம்தான் ரேகை ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஒருவருக்கு வயதானாலும் மாறுவதில்லை என்பதை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். 1877-ல் ஹூக்ளியில் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் பத்திரம் பதிகிறவர்களுக்கும் விரல் ரேகையைக் கொண்டு வந்தார். குற்றவாளிகளைப் பிடிக்க ரேகை உதவியது அதற்குப் பிறகுதான். கல்கத்தாவில் 1897-ல் ரேகைக் கூடம் ஏற்பட்டபோது, ரேகைகளை வகை பிரித்து அடுக்குகிற கணக்கைப் போட்டுத் தந்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அலுவலர்கள். உலகம் பூராவும் அதற்கு ஹென்றி முறை என்று அவர்களுடைய மேலதிகாரியின் பெயர். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் பக்கம் வாழை. வாழைக்கறை பட்ட விரலில் ரேகை எளிதில் விழாது. மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு, இடது கைப் பெருவிரலை நான் பிடித்து மைப்பலகையில் லேசாக உருட்டுவேன். அழுத்தினால் அப்பிக்கொள்ளும், ஒரு கோடும் தெரியாது. வேலை முடிந்ததும் அவர்கள் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் சுவரில். பழைய பதிவு அலுவலகங்களின் சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடுப்பு உயரத்தில் ஒரு நீலக் கறை வரிசை போகும். சொத்தை விற்றவர்களின் விரல்கள் அவை. 2001-ல் பதிவுச் சட்டத்தைத் திருத்திப் புகைப்படத்தையும் விரல் ரேகையையும் பத்திரத்திலேயே ஒட்டச் சொன்னார்கள். இப்போது கருவியில் விரலை வைக்க வேண்டியிருக்கிறது. தேய்ந்த விரலுக்குக் கருவி ‘மறுபடி வை’ என்கிறது.

ஆள்மாறாட்டத்துக்கு எங்கள் ஊரில் சாமியே சாட்சி. காலதூஷகன் என்ற திருடன், திருடப் போகுமுன் வைகுண்டநாதனை வணங்கிவிட்டுப் போவான். கிடைத்ததில் பாதியைக் கோயிலுக்கே தருவான். அரண்மனையில் திருடி அவன் ஆட்கள் பிடிபட்டபோது அவன் பெருமாள் காலில் விழுந்தான். பெருமாள் அவன் உருவத்திலேயே அரசன் முன்னால் போய் நின்றார். அதனால்தான் அவருக்குக் கள்ளபிரான் என்று பெயர். நவதிருப்பதிகளில் முதல் கோயில் இது. உருவத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்யாதே என்று அப்பா இந்தக் கதையை வைத்துத்தான் எனக்குத் தொழில் சொல்லித் தந்தார். 1908-ஆம் வருஷத்து 16-ஆவது சட்டமான பதிவுச் சட்டத்தில் ஆள்மாறாட்டத்துக்கு ஏழு வருஷம் வரை சிறை. 82-ஆவது பிரிவு.

முகத்தையே பார்க்க முடியாதவர்கள் இருந்தால்? எங்கள் ஊரில் இருந்தார்கள். கோட்டைப் பிள்ளைமார் வாழ்ந்த மண்கோட்டைக்குள் பெண்கள் மதிலைத் தாண்டி வெளியே வராத வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. கமலா கணேஷ் அந்தக் கோட்டையைப் பற்றி 1993-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாட்டு வழக்கப்படி வெளியே வரக் கூடாத பெண்களைக் கோர்ட்டுக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்லியது. அப்படிப்பட்டவர்கள் இருக்கும் இடத்துக்குப் பதிவு அதிகாரி தானே போக வேண்டும், இல்லை கமிஷன் அனுப்ப வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு சொல்லியது. நோயாளிக்கும் சிறையில் இருப்பவருக்கும் அதே பிரிவுதான். ஒரு பெண்ணை மதிலுக்குள் வைத்த வழக்கத்தை நான் ஒருநாளும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வர முடியாதவரைத் தேடி அலுவலகம் போக வேண்டும் என்று எழுதிய கையை நினைத்துப் பார்க்கிறேன்.

காத்திருக்க வைப்பதையும் நான் தப்பு என்று சொல்லவில்லை. அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் கொள்ளைக்காரர்கள் ராத்திரியில் வங்கிக் காசாளரின் வீட்டில் புகுந்து, பெண்டாட்டி பிள்ளைகள் தலையில் துப்பாக்கி வைத்து, பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார்கள். 1873-ல் ஜேம்ஸ் சார்ஜெண்ட் கடிகாரத்தைப் பூட்டுக்குள் வைத்தார். காலை வரைக்கும் அந்தப் பூட்டு யாருக்கும் திறக்காது, சரியான ஆளுக்கும் திறக்காது. அதனால் காசாளரை மிரட்டிப் பயனில்லை. என் 72 மணி நேரமும் அந்த வம்சம்தான். திருடனுக்கு அவசரம், சொந்தக்காரனுக்குத் தெரியவர அவகாசம் வேண்டும் என்ற கணக்கு.

எங்கள் தொழிலில் அந்த அவகாசத்தைப் பறை அறைந்து கொடுத்தார்கள். ஜப்திக்கு வந்த சொத்தைத் தமுக்கடித்து அறிவிக்க வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. நிலமாக இருந்தால் ஏலத்துக்கு அப்போது குறைந்தது 30 நாள் கெடு. சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். தமுக்கடிப்பவர் முக்குக்கு முக்கு நின்று, ‘இதனால் சகலமானவர்களுக்கும்’ என்று ஆரம்பித்து, நான்கெல்லையும் சொல்லி முடிப்பார். அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்தது கொடுமை. தண்டோரா கூடாது என்று 2022 ஆகஸ்டில் தமிழக அரசு நிறுத்தியது சரியான காரியம். இப்போது மூலப்பத்திரம் தொலைந்தால் போலீசில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகையில் அறிவிப்பு. ‘ஆட்சேபணை உள்ளவர்கள் 15 நாட்களுக்குள் தெரிவிக்கவும்.’ அந்தப் பதினைந்து நாளும் ஊர் படிக்கும். “அண்ணாச்சி, உங்க பத்திரம் தொலைஞ்சு போச்சாமே, பேப்பர்ல பாத்தேன்” என்று டீக்கடையில் கேட்பார்கள். ஊர் முழுவதும் சேர்ந்து காத்திருக்கிற கெடு அது.

நம் நாட்டில் ‘நான் நான்தான்’ என்று நிரூபிப்பதற்காக ரொம்பக் காலம் காத்திருந்தவர் பாவல் சந்நியாசி என்றுதான் நினைக்கிறேன். டாக்காவுக்குப் பக்கத்துப் பாவல் ஜமீனின் இரண்டாவது குமாரர் 1909-ல் டார்ஜிலிங்கில் இறந்துபோனதாகச் சொன்னார்கள். 1921-ல் ஒரு சந்நியாசி வந்து நான்தான் அவன் என்றார். அக்கா ஒத்துக்கொண்டார், மனைவி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு 1930-ல். நீதிபதி பன்னாலால் பாசு இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, 1936-ல் அவர்தான் இவர் என்றார். லண்டன் பிரிவி கவுன்சில் 1946-ல் அதையே உறுதி செய்தது. சில நாளில் அவர் இறந்துபோனார். கால் நூற்றாண்டு. ஆனால் அந்தக் கால் நூற்றாண்டும் அவரைக் கேட்டார்கள். உடம்பில் இருந்த தழும்புகளையும் மச்சங்களையும் பார்த்தார்கள், குடியானவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

கம்ப்யூட்டரில் கடவுச்சொல் வந்தது 1961 வாக்கில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வதற்காகக் கொண்டுவந்தது. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், கூடுதல் நேரம் வேண்டி எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சடித்து எடுத்துவிட்டார். ஒரே கட்டடத்தில், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களுக்குள் செய்த ஏற்பாடு அது. அதையே முகம் தெரியாத கோடிக்கணக்கான பேருக்கு நீட்டினார்கள். நீட்டும்போது சாட்சியை விட்டுவிட்டார்கள்.

ஒரு பத்திரத்தைப் பதிய மறுத்தால் சார்பதிவாளர் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், கேட்டால் காசு வாங்காமல் நகல் தர வேண்டும். 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 71, 72-ஆவது பிரிவுகள். எனக்கு வந்தது காரணம் இல்லாத ஒரு வரி. யாரிடம் போவது என்பதும் அதில் இல்லை. என் தெருவில் நாற்பது பேர் எனக்காக வந்து நிற்பார்கள். அவர்களைக் கூப்பிட அங்கே ஒரு வாசல் இல்லை.

இது முடியாத காரியம் இல்லை. நம்பிக்கையான நண்பர்கள் மூலம் கணக்கை மீட்கிற வழியை ஃபேஸ்புக் 2013-ல் கொண்டுவந்தது, சில வருஷம் கழித்துக் கைவிட்டது. ஆப்பிள் 2021-ல் மீட்புத் தொடர்பு என்று ஒருவரை முன்கூட்டியே குறித்து வைக்கச் சொன்னது. பூட்டுவதற்கு முன்னாலேயே சாட்சியைக் குறித்துவைக்க வேண்டும் என்பதை என் வயதுக்காரர்களுக்கு யார் போய்ச் சொல்வது? கணக்கு வைத்திருக்கிற ஒவ்வொரு இடமும் இதைச் செய்ய வேண்டும். காத்திருக்கச் சொல்லட்டும், முப்பது நாள்கூடச் சொல்லட்டும். கெடு முடிந்ததும் கேட்க ஒரு மனுஷன் இருக்கட்டும், மறுத்தால் காரணம் எழுதட்டும்.

போன மாதம் அப்பா எழுதிய பத்திரங்களுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனு போட ஆரம்பித்தேன். உயில் நீங்கலாக, நிலம், வீடு பற்றிப் பதிவான ஒவ்வொரு பத்திரமும் 1-ஆம் புத்தகத்தில் நகலாக இருக்கும், யார் கேட்டாலும் கிடைக்கும். பத்தொன்பது வந்துவிட்டன. கையால் நகல் எடுத்த காலத்துப் பக்கங்கள் என்பதால் அதில் அப்பாவின் எழுத்து இல்லை, யாரோ ஒரு குமாஸ்தாவின் எழுத்து. ஆனால் வாசகம் அப்பாவுடையது. ‘வடக்கே வாய்க்காலுக்கும் தெற்கே’ என்று அவர் எல்லை சொல்கிற தோரணை அப்படியே இருக்கிறது.

என் மனைவியின் படங்களுக்கு எந்தப் புத்தகத்திலும் நகல் இல்லை. பேரன் வேறு ஒரு வழியில் மறுபடி விண்ணப்பித்துத் தந்திருக்கிறான். நடுவில் தொடக் கூடாது என்று போனைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். அடுத்த கெடு வருகிற செவ்வாய்க்கிழமை, காலை 10.40.