பெயரில்லாத கட்டுரை

ஓர் ஆய்வாளரின் தகுதியை இன்று அவருடைய கட்டுரைப் பட்டியலைக் கொண்டே பெரும்பாலும் அளக்கிறார்கள். எத்தனை கட்டுரை, எந்தச் சஞ்சிகை, முதலாவது பெயர் யாருடையது என்று பார்க்கும் இந்த அளவுகோலுக்கு அகப்படாத ஒருவர், சீனத்து மருந்து ஆய்வாளர் தூ யூயூ. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினின் மூலக்கூற்றமைப்பு முதன்முதலில் அச்சில் வந்த கட்டுரையில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது.

தூ யூயூ 1930இல் நிங்போ நகரில் பிறந்தவர். பதினாறு வயதில் காசநோய் வந்து இரண்டு வருடம் பாடசாலைக்குப் போகவில்லை. பின்னர் பீஜிங்கில் மருந்தியல் கற்று 1955இல் பட்டம் பெற்றார். கலாநிதிப் பட்டமோ வெளிநாட்டுப் படிப்போ கிடையாது. வியட்நாம் போர்க்களத்தில் மலேரியா படைவீரர்களை வீழ்த்திக்கொண்டிருக்க, வழமையான குளோரோகுயின் பலனற்றுப் போயிற்று. மாற்று மருந்து தேடி 1967 மே 23 அன்று சீனா ஓர் இரகசியத் திட்டத்தை ஆரம்பித்தது. ஆரம்பித்த நாளைக் கொண்டு அதன் பெயர் '523'. 1969இல் தூ அதில் சேர்ந்தார். அப்போது கணவர் கிராமப்புறத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். நான்கு வயது மூத்த மகளைப் பாலர் பாடசாலையில் தங்கவைத்துவிட்டே வேலைக்குப் போனார்.

அவருடைய குழு 2000இற்கு மேற்பட்ட பழைய மருந்துக் குறிப்புகளைத் திரட்டி, ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகளைச் சோதித்தது. சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை நல்ல பலன் தரும், மறுமுறை கைவிடும். விடை நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹொங்கின் நூலில் இருந்தது: ஒரு பிடி செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கவேண்டும். எங்கள் வீடுகளில் மல்லிக் குடிநீர் அவிப்பதுபோல அவிக்கச் சொல்லவில்லை. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது என்று தூ ஊகித்தார். 35 பாகையிலேயே கொதிக்கும் ஈதரில் சாறெடுத்தார். 1971 ஒக்டோபர் 4ஆந் திகதி, 191ஆம் மாதிரி எலிகளின் மலேரியாவை முற்றாக நீக்கியது. அடுத்த வருடம் தூவும் சகாக்கள் இருவரும் முதலில் தாமே விழுங்கிப் பார்த்து, அதன்பின்பே ஹைனான் தீவில் 21 நோயாளருக்குக் கொடுத்தார்கள்.

பிரித்தெடுத்த பளிங்கின் மூலக்கூற்றில் இரண்டு ஒட்சிசன் அணுக்களாலான ஒரு பாலம் இருக்கிறது. ஒட்டுண்ணி எமது ஈமோகுளோபினைச் சமிக்கும்போது வெளிப்படும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்க, அதிலிருந்து பிறக்கும் தாக்குதிறன் மிக்க துணிக்கைகள் ஒட்டுண்ணியையே அழிக்கின்றன. தன் தீனியாலேயே சாகிறது!

1977இல் இந்த அமைப்பை வெளியிட்ட கட்டுரையின் ஆசிரியர் 'ஒருங்கிணைப்பு ஆய்வுக் குழு'. 1979இல் 2099 நோயாளரைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த கட்டுரையிலும் குழுவின் பெயர்தான். கலாசாரப் புரட்சிக் காலத்துச் சீனாவில் தனியாள் பெயர் போடுவது தற்பெருமையாகக் கருதப்பட்டது. அந்த வழக்கம் உடனே மறையவில்லை. (எங்கள் பழைய பாடசாலைச் சஞ்சிகைகளிலும் 'விஞ்ஞான மன்றம்' என்று மட்டும் முடியும் கட்டுரைகள் உண்டு, எழுதிய பிள்ளை யாரோ!) 1982இல் பிளாண்டா மெடிகா சஞ்சிகையில் தூவின் பெயர் முதலாவதாக வந்தது. ஆனால் அது செடியின் கூறுகளைப் பற்றிய சிறு கட்டுரை.

2005இல் ஷாங்காய்க் கூட்டமொன்றில் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் மில்லர், இம்மருந்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. அவரும் சின்சுவான் சூவும் பழைய கடிதங்களையும் குறிப்பேடுகளையும் கூட்ட அறிக்கைகளையும் தேடி வாசித்தார்கள். சிங்ஹாவைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தவர், முழுப் பலனுள்ள சாறெடுத்தவர், நோயாளரில் முதலில் சோதித்தவர் என்று மூன்று முதன்மைகளும் தூவையே சேர்ந்தன. 2011இல் லஸ்கர் பரிசும் 2015இல் மருத்துவ நோபல் பரிசில் பாதியும் வந்தன.

யுன்னானிலும் ஷான்டோங்கிலும் பளிங்கைப் பிரித்தெடுத்தவர்கள் இருந்தார்கள், பரிசு ஒருவருக்குப் போனது நியாயமா என்று சீனாவிலேயே கேள்வி எழுந்தது. கேட்கவேண்டிய கேள்விதான். என்றாலும் வழியைத் திறந்தவருக்கும் அவ்வழியில் நடந்தவர்களுக்கும் வேறுபாடு உண்டு என்பதே என் எண்ணம்.

1934-35 கொள்ளைநோயைக் கண்ட எங்கள் நாடு 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பல்சிபாரம் வகை மலேரியாவோடு வருவோருக்கு இங்கே ஆர்ட்டெமிசினின் வழிவந்த மருந்தே கொடுக்கப்படுகிறது.

2011இல் நேச்சர் மெடிசின் சஞ்சிகையில் இந்த வரலாற்றைத் தூ யூயூவே எழுதினார். அந்தக் கட்டுரைக்கு ஆசிரியர் ஒருவர்தான்.